ரவுட்டரை அணைப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் மடிக்கணினிக்கு வைஃபை ஒழுங்காகக் கிடைக்காதவர்களுக்காகக் கடந்த ஞாயிறு இணைப்பில் தாங்கள் வெளியிட்டிருந்த சிறு குறிப்பைப் படித்தேன். ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்குங்கள், அதில் சரியாகாவிட்டால் கூடுதல் வேகம் தரும் திட்டத்துக்கு மாறுங்கள், அதிலும் சரியாகாவிட்டால் புதிய ரவுட்டர் வாங்குங்கள் என்று அக்குறிப்பு மூன்றே வரிகளில் முடிந்துவிடுகிறது. இந்த மூன்றையும் இதே வரிசையில் செய்து, இரண்டரை மாதங்களை வீணடித்து, பழுது முற்றிலும் வேறோர் இடத்தில் இருந்ததைக் கடைசியில் கண்டுபிடித்தவள் என்ற முறையில், அந்த அறிவுரை ஏன் போதாது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். கடிதத்தின் நீளத்தைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

இணையம் மெதுவாக இருக்கிறது என்று சொல்லும்போது நாம் மூன்று தனித்தனிப் பாதைகளை ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். மடிக்கணினியிலிருந்து ரவுட்டர் வரை காற்றில் செல்வது ஒரு பாதை. ரவுட்டரிலிருந்து சேவை நிறுவனத்தின் நிலையம் வரை கம்பியிலோ கண்ணாடி இழையிலோ செல்வது இன்னொன்று. அங்கிருந்து நாம் பார்க்க விரும்பும் தளத்தின் கணினி வரை செல்வது மூன்றாவது. இவற்றில் எது அடைத்துக்கொண்டாலும் திரையில் நமக்குத் தெரிவது சுற்றிக்கொண்டே இருக்கும் அதே வட்டம்தான். அடைப்பு எந்தப் பாதையில் என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டாம்போக்கில் செய்த வேலையே. அதைப் பிரித்தறிய அரை மணி நேரம் போதும். அதற்கென்று எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்தும் பணி செய்பவள். கல்லூரியில் படிக்கும் என் மகன் பின்னறையில் அமர்ந்து தன் மடிக்கணினியில் வகுப்புகளைக் கேட்பான். ஒரு கட்டத்தில் அவனுடைய வகுப்புக் காணொளி நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்து நிற்கத் தொடங்கியது. அவன் கணினியை இயக்கிய சிறிது நேரத்திலேயே முன்னறையில் என்னுடைய கணினியும், கணவரின் கைபேசியும்கூட இழுக்கத் தொடங்கும். "நீ எதையோ பதிவிறக்கிக்கொண்டே இருக்கிறாய், அதனால்தான் வீடு முழுக்க இழுபறி" என்று அவனைப் பலமுறை கடிந்துகொண்டேன். இல்லை என்று அவன் சொன்னதை நான் நம்பவில்லை. நொடிக்கு 100 மெகாபிட் தரும் இணைப்பை 300 மெகாபிட்டாக உயர்த்தினோம். மாற்றமில்லை. ரவுட்டரை மாற்றினோம். அப்போதும் மாற்றமில்லை.

திருப்பம் தற்செயலாக ஏற்பட்டது. ஒருநாள் பின்னறையில் அவனுடைய மேசைமீதே என் கைபேசியை வைத்து வேகச் சோதனை செய்தேன். 90 மெகாபிட்டுக்கு மேல் காட்டியது. அதே மேசையில், அதே நிமிடத்தில், அவனுடைய மடிக்கணினி காட்டியது 6 மெகாபிட். கம்பியும் அதே கம்பி, ரவுட்டரும் அதே ரவுட்டர், சுவரும் அதே சுவர். அந்த ஓர் ஒப்பீட்டை முதல் நாளே செய்திருந்தால் திட்டத்தை உயர்த்தியிருக்க மாட்டோம், ரவுட்டரை வாங்கியிருக்க மாட்டோம், நான் என் மகனிடம் அத்தனை கடுமையாகப் பேசியிருக்கவும் மாட்டேன்.

எனவே எந்த வாசகரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: பிரச்சினை உள்ள அதே இடத்தில், அதே நேரத்தில், இன்னொரு சாதனத்தை வைத்துப் பார்ப்பது. மற்றது நன்றாக இயங்கினால் பழுது மடிக்கணினியில். இரண்டுமே அங்கு தடுமாறி, ரவுட்டருக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டுமே சீராகிவிட்டால் பழுது காற்றில், அதாவது தொலைவு, சுவர், குறுக்கீடு ஆகியவற்றில். ஈதர்நெட் கேபிளால் ரவுட்டருடன் நேரடியாக இணைத்த கணினியும் மெதுவாகவே இருந்தால், அப்போதுதான் சேவை நிறுவனத்தை அழைக்க நமக்கு நியாயம் உண்டு. கேபிள் சோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கேபிளுக்குள் இருக்கும் 4 இணைக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் இணைப்பு அற்றுப்போகாமல் 1000 மெகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கி நின்றுவிடக்கூடும் என்பதால், வேகம் சரியாக 95 மெகாபிட்டை ஒட்டியே நிற்குமானால் முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது.

வேகச் சோதனையில் வரும் எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. பதிவிறக்கச் சாளரம் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12 மெகாபைட் வருவது முழு வேகமே தவிர எட்டில் ஒரு பங்கு ஏமாற்றம் ஆகாது.

ஆனால் வேகச் சோதனை மொத்தப் பயணத்தின் வேகத்தைச் சொல்லுமே தவிர, எந்தப் பாதையில் தடை என்று சொல்லாது. அதற்கு உதவுவது பிங் என்ற எளிய கட்டளை. ஒரு முகவரிக்குச் சிறு செய்தி ஒன்றை அனுப்பி, பதில் வருகிறதா, வர எவ்வளவு நேரமாகிறது என்று அது பார்க்கும். மடிக்கணினியின் நெட்வொர்க் விவரங்களில் 'டிஃபால்ட் கேட்வே' என்ற பெயரில் ஓர் எண் இருக்கும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதுவே ரவுட்டரின் முகவரி. அந்த முகவரிக்கு 100 முறை பிங் அனுப்பிப் பார்த்தால், நல்ல வைஃபையில் பதில் சில மில்லிநொடிகளில் வந்துவிடும், ஒன்றும் தொலையாது. என் மகனின் கணினியில் 100க்கு 17 தொலைந்தன, வந்தவற்றில் சில 900 மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொண்டன. அந்தச் செய்தி வீட்டைவிட்டு வெளியே செல்லவே இல்லை, பின்னறைக்கும் முன்னறைக்கும் இடையிலேயே தொலைந்தது என்பதைப் பார்த்த பிறகு, சேவை நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரவுட்டருக்குப் பிங் சீராக இருந்து, அடுத்து 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு அனுப்பும்போது மட்டும் தொலைந்தால் தடை வெளியே இருக்கிறது. அந்த எண்ணுக்கும் சீராகப் பதில் வந்து, தளங்களின் பெயரைத் தட்டினால் மட்டும் பக்கம் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். மடிக்கணினியின் முகவரியே 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரி வழங்கவே இல்லை என்று பொருள். அங்கே வேகத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

திரையின் ஓரத்தில் விசிறிபோல் விரிந்திருக்கும் வைஃபை குறி பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது முழுமையாக நிரம்பியிருந்தால் இணையம் நன்றாக இருக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது காட்டுவது ரவுட்டரின் குரல் நம் காதில் எவ்வளவு உரக்க விழுகிறது என்பதை மட்டுமே. சுற்றிலும் எவ்வளவு சத்தம், நாம் பேசுவது அதற்குக் கேட்கிறதா என்பதையெல்லாம் அது சொல்லாது. மெய்யான அளவு டிபிஎம் என்ற அலகில் எதிர்மறை எண்ணாக இருக்கும்; சுழியத்துக்கு நெருங்க நெருங்க வலு அதிகம். மைனஸ் 50 மிக நன்று. மைனஸ் 67 வரை காணொளி அழைப்புக்குக் கவலையில்லை. மைனஸ் 80ஐத் தாண்டினால் இணைப்பு பெயரளவுக்குத்தான். இந்த எண் 10 இறங்கும் ஒவ்வொரு முறையும், அதாவது ஒவ்வொரு 10 டெசிபெல் இறக்கத்துக்கும், ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது என்பதுதான் இதில் மறக்கக்கூடாதது. ஆப்பிள் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை குறியைச் சொடுக்கினால் இந்த அளவும், இரைச்சலின் அளவும் சேர்ந்தே தெரியும்; இரண்டுக்கும் இடையே 25 டெசிபெல்லாவது இடைவெளி இருப்பது நல்லது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து நெட்ஷ், டபிள்யூலான், ஷோ, இன்டர்ஃபேசஸ் என்ற 4 சொற்களையும் ஆங்கிலத்தில் இடைவெளி விட்டுத் தட்டினால் சிக்னல் அளவு விழுக்காட்டில் வரும். மைனஸ் 50ஐ 100 விழுக்காடாகவும் மைனஸ் 100ஐச் சுழியமாகவும் வைத்து அந்த விழுக்காடு கணக்கிடப்படுகிறது. அதாவது 50 விழுக்காடு என்பது மைனஸ் 75; 100 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் பாதி ஆற்றல் இல்லை, 300இல் ஒரு பங்குக்கும் குறைவு. எங்கள் கணினி பின்னறையில் காட்டியது 44 விழுக்காடு. "பாதிக்குச் சற்றுக் குறைவு, பரவாயில்லை" என்று நானும் முதலில் எண்ணினேன். கணக்கிட்டால் அது மைனஸ் 78.

அதே கட்டளை, இணைப்பு வேகம் என்ற இன்னோர் எண்ணையும் தருகிறது. கணினியும் ரவுட்டரும் தமக்குள் ஒப்புக்கொண்ட வேகம் அது. நடைமுறையில் கிடைப்பது அதில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை. எங்களுடையது 13 மெகாபிட் என்றிருந்தது. வேகச் சோதனையில் 6 வந்ததன் காரணம் அப்போதே விளங்கியது. வீடு முழுக்க ஏன் இழுத்தது என்பதும் விளங்கியது. ஒரே சேனலில், அதாவது வைஃபை அலைவரிசையின் ஒரே கூறில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாதனம்தான் பேச முடியும். தொலைவில் முனகிக்கொண்டிருக்கும் ஒரு கணினி அதே தரவை மெதுவாகவும், திரும்பத் திரும்பவும் அனுப்பும்போது, காற்றில் உள்ள நேரத்தை எல்லாம் அதுவே எடுத்துக்கொள்கிறது. அருகில் உள்ள வேகமான சாதனங்கள் தம் முறைக்காகக் காத்துக் கிடக்கின்றன. என் மகன் எதையும் பதிவிறக்கவில்லை. அவனுடைய கணினி ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் அனைவருடைய நேரமும் கரைந்துகொண்டிருந்தது. நான் நுகர்வு என்று நினைத்தது உண்மையில் ஒரு நோயின் அறிகுறி.

காற்றில் ஏற்படும் தடைகளைப் பற்றித் தங்கள் குறிப்பு ஒன்றுமே சொல்லவில்லை. பெரும்பாலான வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகள் பயன்படுகின்றன. முதலாவது சுவரைத் தாண்டி எட்டத்தில் போகும், ஆனால் நெரிசல் மிகுந்தது. இரண்டாவது வேகமானது, ஆனால் சுவருக்குச் சுவர் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்களுக்கு 1 முதல் எண்கள் வரிசையாக இருந்தாலும், அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே உள்ள தூரம் 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு வைஃபை இணைப்புக்கோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. ஆகவே ஒன்றன்மீது ஒன்று ஏறாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. அண்டை வீட்டார் 6இல் இருக்கிறார்கள் என்று நாம் 4க்குப் போவது இருவருக்குமே கெடுதல். 6இலேயே இருந்தால்கூட இரு ரவுட்டர்களும் ஒன்று பேசும்போது மற்றது பொறுக்கும் ஒழுங்கைக் கடைப்பிடிக்கும், 4இல் இருந்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சலாகவே விழும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில்தான், ப்ளூடூத் இயர்போனும் விசைப்பலகையும் இதே பரப்பைத்தான் பகிர்ந்துகொள்கின்றன.

பலருக்குத் தெரியாத ஒரு குறுக்கீட்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். யுஎஸ்பி 3.0 வகையில் இணைக்கப்படும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பரப்பில் ரேடியோ இரைச்சலை உமிழ்கின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே அளவீடுகளுடன் விளக்கியுள்ளது. கணினியின் ஓரத்தில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியவுடன் வைஃபை தளர்ந்து, கழற்றியதும் தேறுவதை நான் என்னுடைய கணினியிலேயே கண்டேன். காப்பு நகல் எடுக்கும் நாட்களில் மட்டும் இணையம் மந்தமாவதற்குக் காரணம் தெரியாமல் வெகுகாலம் இருந்திருக்கிறேன். டிஸ்க்கைக் கணினியிலிருந்து சற்றுத் தள்ளி வைத்ததும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியதும் போதுமானதாக இருந்தது.

5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனக்கென்று ஒரு விசித்திரம் உண்டு. அதன் ஒரு பகுதி ரேடார்களுடன் பகிர்ந்துகொள்ளப்படுவது. அப்பகுதியில் இயங்கும் ரவுட்டர், ரேடாரின் துடிப்பைக் கேட்டதாக உணர்ந்தால் உடனே அந்தச் சேனலைவிட்டு விலக வேண்டும். அதே வகையான புதிய சேனல் ஒன்றில் பேசத் தொடங்குமுன் குறைந்தது 1 நிமிடம் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும். எப்போதாவது 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் பட்டியலிலிருந்து மறைந்து, ஓரிரு நிமிடங்களில் திரும்பி வருகிறது என்றால் அதை ரவுட்டரின் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். 36 முதல் 48 வரையுள்ள சேனல்களில் ஒன்றை நிலையாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ரவுட்டரை அலமாரிக்குள்ளோ, தொலைக்காட்சியின் பின்னாலோ, பெரிய கண்ணாடிக்கு எதிரிலோ வைக்கக்கூடாது என்பதைப் பலரும் எழுதிவிட்டதால் விரித்துரைக்கவில்லை. உலோகம் அலையைத் திருப்பியடிக்கும், தண்ணீர் விழுங்கும். மீன்தொட்டிக்குப் பின்னால் ரவுட்டரை வைத்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. சிக்னலை நீட்டித் தரும் எக்ஸ்டெண்டரைப் பலர் சிக்னல் செத்துக் கிடக்கும் அறையிலேயே பொருத்துகிறார்கள். தனக்கே கேட்காத குரலை அது எப்படி மறுபடி ஒலிக்கும்? நல்ல சிக்னல் இன்னும் மிஞ்சியிருக்கும் நடுவழியில்தான் அதற்கு இடம்.

மடிக்கணினிக்குள் வருவோம். பேட்டரியில் ஓடும்போது மட்டும் மெதுவாகி, மின்னேற்றியைச் செருகியதும் சீராகிறது என்றால், மின்சேமிப்பு அமைப்பு வைஃபை அட்டையை இடையிடையே உறங்கவைக்கிறது என்று பொருள்; விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் வழியாக அந்த அட்டையின் பண்புகளைத் திறந்து, மின்சாரம் மிச்சப்படுத்த இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்கிப் பார்க்க வேண்டும். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதியும் அங்கேயே இருக்கிறது. டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவ நினைப்பவர்கள், புதியதை முன்கூட்டியே கையில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நீக்கிய பிறகு அந்தக் கணினியில் வைஃபையே இருக்காது அல்லவா? நம் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் இயக்கத்தில் இருக்கிறதா, படங்களை இணையக் கிடங்குக்கு ஏற்றும் செயலி பின்னணியில் மேலேற்றத்தை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மேலேற்றம் அடைபட்டால் பதிவிறக்கமும் சேர்ந்தே திணறும், ஏனெனில் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகைகள் அந்த வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பில் டபிள்யூஇபி, டிகேஐபி போன்ற பழைய முறைகள் இன்னும் இருந்தால், சாதனம் எத்தனை புதிதாக இருந்தாலும் இணைப்பு வேகம் 54 மெகாபிட்டைத் தாண்டாது. கணினி பழையதாக இருந்தாலும் எல்லை உண்டு. 2009இல் வெளிவந்த வைஃபை 4 தரத்தில், ஒரே ஆன்டெனாவுடன், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்கும் மடிக்கணினி அதிகபட்சமாக 72 மெகாபிட்டுக்கே ஒப்புக்கொள்ளும். அதன் உரிமையாளர் 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறினால் அந்தக் கணினிக்கு அதனால் இம்மியளவும் பயனில்லை.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பின்னும் எங்கள் 44 விழுக்காடு அசையவில்லை. அப்போது மகன்தான் நினைவுபடுத்தினான்: நான்கு மாதங்களுக்கு முன்பு திரையின் கீல் உடைந்து, அதைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கியிருந்தோம். மடிக்கணினியின் வைஃபை ஆன்டெனாக்கள் பெரும்பாலும் திரையின் விளிம்புக்குள் பதிந்திருக்கும். அங்கிருந்து நூல்போல் மெல்லிய இரு கம்பிகள் கீலின் வழியாக இறங்கி, அடிப்பகுதியில் உள்ள வைஃபை அட்டையில் வந்து சேரும். கீலைக் கழற்றுபவர் அவற்றைக் கழற்றாமல் இருக்க முடியாது. உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் நாங்களே திறந்தோம். அடித்தட்டின் திருகாணிகளை எடுத்து, முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தோம். தபால்தலை அளவுள்ள அந்த அட்டையின் விளிம்பில், கடுகளவேயான இரண்டு பொன்னிற வட்டங்கள். கறுப்புக் கம்பி அவற்றில் எதனோடும் சேராமல், ஒட்டுநாடாவின் அடியில் சுருண்டு கிடந்தது. வெள்ளைக் கம்பி வட்டத்தின்மேல் சாய்ந்தாற்போல் இருந்ததே தவிரப் பொருந்தியிருக்கவில்லை. விரல் பட்டதும் விலகிவிட்டது. மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கறுப்புக் கம்பியின் முனையை வட்டத்துக்கு நேராக வைத்து நகத்தால் அழுத்தினான். 'டிக்' என்று மிகச் சன்னமான ஓர் ஒலி. அடுத்து வெள்ளைக் கம்பி. இரண்டாவது 'டிக்'.

மூடி இயக்கியபோது அதே மேசையில் 88 விழுக்காடு, அதாவது மைனஸ் 56. கணினி தானாகவே 5 கிகாஹெர்ட்ஸுக்குச் சென்றிருந்தது. இணைப்பு வேகம் 390 மெகாபிட், வேகச் சோதனையில் 210. 100 பிங்குக்கும் பதில் வந்தது. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பழுதுபார்த்துக் கொடுத்தவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆன்டெனா கழன்ற நிலையிலும் ரவுட்டருக்கு மிக அருகில் வைத்தால் வைஃபை ஓரளவு வேலை செய்யும். தன் மேசையில் ஒரு பக்கம் திறந்ததைப் பார்த்ததும் சரியாக இருக்கிறது என்று அவர் நிம்மதியடைந்திருப்பார். நாங்களும் முன்னறையில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டோம். தொலைவில் வைத்து, எண்ணைப் பார்த்துச் சோதிக்கும் வழக்கம் அவரிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை.

ரவுட்டரை அணைத்து இயக்குவதே கூடாது என்று நான் வாதிடவில்லை. அது உள்ளே நிரம்பிக் கிடக்கும் இணைப்புப் பட்டியலைக் காலிசெய்கிறது, பல ரவுட்டர்களில் சேனலை மறுபடி தேர்ந்தெடுக்கவும் வைக்கிறது. சில நேரம் அதுவே போதும். ஆனால் அணைத்த மறுகணம், என்ன நடந்தது என்பதற்கான தடயமும் பல ரவுட்டர்களில் அழிந்துவிடுகிறது. வாரந்தோறும் அணைத்து இயக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தேவையே ஒரு பழுதுதான். விண்டோஸ் கணினியில் நிர்வாகி உரிமையுடன் நெட்ஷ், டபிள்யூலான், ஷோ, டபிள்யூலான்ரிப்போர்ட் என்று தட்டினால் கடந்த 3 நாட்களில் இணைப்பு எப்போதெல்லாம் அறுந்தது, என்ன காரணத்தால் அறுந்தது என்ற அறிக்கை கிடைக்கும். ரவுட்டரைத் தொடுவதற்கு முன் அதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. தங்கள் குறிப்பில் 'ரீஸெட்' என்ற சொல் அணைத்து இயக்குவதையும் குறிப்பதுபோல் எழுதப்பட்டிருந்தது. இது ஆபத்தான குழப்பம். ரவுட்டரின் பின்னால் ஊசித்துளைக்குள் இருக்கும் ரீஸெட் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், சேவை நிறுவனத்தின் பயனர் பெயர், கடவுச்சொல் உட்பட எல்லா அமைப்புகளும் அழிந்து, மெதுவாகவாவது வந்துகொண்டிருந்த இணையம் அறவே நின்றுபோகும். இதற்குத் திருத்தம் ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு வேண்டுகோள்கள். தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு வாரம், அறிவுரைகளுக்குப் பதிலாக ஓர் அளவுத்தாளை அச்சிடுங்கள்: ரவுட்டருக்கு அருகில், நடு அறையில், பிரச்சினை உள்ள அறையில் என மூன்று இடங்களிலும் சிக்னல், இணைப்பு வேகம், ரவுட்டருக்கு அனுப்பிய 100 பிங்கில் தொலைந்தவை ஆகியவற்றை எழுதக் கட்டங்கள் இருந்தால் போதும்; மடிக்கணினிக்கு ஒரு வரிசை, கைபேசிக்கு ஒரு வரிசை. ஆங்கிலத்தில் உள்ள உதவிப் பக்கங்களைப் படிக்கத் தயங்கும் ஏராளமானவர்களுக்கு அது நேரடியாகப் பயன்படும். சேவை நிறுவனத்தை அழைக்கும்போது "ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்று சொல்வதற்கும், அந்தத் தாளைப் பார்த்துப் படிப்பதற்கும் கிடைக்கும் பதிலில் உள்ள வேறுபாட்டை நான் கண்டிருக்கிறேன். அடுத்தது, மடிக்கணினிகளைப் பழுதுபார்ப்பவர்களும் தங்கள் வாசகர்களில் இருப்பார்கள். திரையையோ கீலையோ கழற்றி மாட்டிய கணினியைத் திருப்பித் தரும்போது, ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர்களுக்கு அப்பால் வைத்து எடுத்த சிக்னல் அளவைப் பழுதுச்சீட்டிலேயே எழுதித் தரும் வழக்கத்தை அவர்கள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று தங்கள் பக்கத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கூடுதலாகப் பிடிப்பது 2 நிமிடம்.

நாங்கள் பயன்படுத்திய தாளின் படியை, கம்பிகளைப் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களுடன், இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன். அச்சிடத் தகுந்ததாக இருந்தால் எண்களை நீக்கிவிட்டு வெற்றுக் கட்டங்களாக வெளியிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகி